மெரோபெனமும் கேட்காதபோது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன ஆடி மாதம் ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் அம்மா எனக்கு அத்தை முறை. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, மூன்று தடவையும் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறார்கள். முதலில் சிப்ரோஃப்ளாக்சசின், அப்புறம் இரண்டு தடவை செஃபிக்சிம். நான்காவது தடவைதான் டாக்டரிடம் போனார்கள். அவர் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்.

“இன்னாண்ணே இது, எல்லாத்துக்கும் நேரா ஆர், ஆர்னே போட்டுக்கிறாங்க?”

கல்ச்சர் தட்டு பார்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் ஈ.கோலை. கீழே மருந்துகளின் பட்டியல். ஒரு மருந்துக்கு எதிரே ‘எஸ்’ இருந்தால் அது கேட்கும், ‘ஆர்’ இருந்தால் கேட்காது. ஆம்பிசிலின், சிப்ரோ, செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன், அமிக்காசின் எல்லாம் ஆர். அதுவரைக்கும் எனக்கு ஆச்சரியமில்லை, இந்த ஊரில் அது தினம் பார்ப்பதுதான். அடுத்த இரண்டு வரி இமிபெனம், மெரோபெனம். இரண்டும் ஆர். அந்த வரிகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும்.

மெரோபெனம் நரம்பு வழியாக ஏற்றும் ஊசி மருந்து. ரத்தத்தில் கிருமி ஏறி ஐசியு-வில் கிடப்பவருக்கு டாக்டர்கள் கையை நீட்டும் மருந்து. அத்தை வாழ்நாளில் ஒரு தடவைகூட அதைப் போட்டுக்கொண்டதில்லை, ஐசியு வாசலை மிதித்ததும் இல்லை. போடாத மருந்துக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? தம்பி கேட்டது வேறு கேள்வி, ஆனால் நான் அவனுக்குச் சொல்ல நினைத்தது இதற்கான பதிலைத்தான். தெருவில் நின்று சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு மதில் உண்டு. சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலத் துண்டுகளால் குறுக்கே முடிச்சுப் போட்டுப் பின்னிய வலை அது. பெப்டிடோகிளைக்கன் என்று பெயர். செல்லுக்கு உள்ளே அழுத்தம் அதிகம், மதில் பலவீனப்பட்டால் உப்பி வெடித்துவிடும். வளர்கிற கிருமி மதிலைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்த முடிச்சுகளைப் போடுவது சில புரதங்கள், அவைதான் கொத்தனார்கள். பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் நடுவில் நான்கே அணுக்கள் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது, பீட்டா-லாக்டம். கொத்தனார் எடுக்க வேண்டிய கல்லைப் போலவே அது இருக்கும். எடுத்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும், விடாது. வேலை நின்று போகும், மதில் இற்றுப் போகும், கிருமி வெடிக்கும்.

அந்த வளையத்தை அறுத்துவிட்டால் மருந்து வெறும் தூள். அறுக்கும் கத்தரியைக் கிருமி ஏற்கெனவே வைத்திருந்தது. பென்சிலின் மருத்துவமனைகளில் பரவலாக வருவதற்கு முன்பே, 1940-இல், ஆபிரகாமும் செயினும் இதே ஈ.கோலை இனத்தில் பென்சிலினை அழிக்கும் நொதி இருப்பதைக் கண்டு எழுதிவிட்டார்கள். மண்ணில் வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று விஷம் வைத்துக் கொல்லப் பார்ப்பது மனிதன் பிறப்பதற்கும் முந்தைய சண்டை. நாம் அந்த விஷத்தை இரவல் வாங்கினோம். முறிவும் அதே மண்ணில்தான் இருந்தது.

இமிபெனமும் மெரோபெனமும் சேர்ந்த கார்பபெனக் குடும்பமும் மண்ணிலிருந்து வந்ததுதான். ஸ்ட்ரெப்டோமைசஸ் கேட்லியா என்ற மண் பாக்டீரியாவிலிருந்து 1976-இல் கிடைத்த தியனாமைசின் இந்தக் குடும்பத்தின் மூத்தது. அது நிலைத்து நிற்காமல் சிதைந்துபோனதால், வேதியியலாளர்கள் அதைத் திருத்தி இமிபெனம் செய்தார்கள். சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதி அதையும் உடைத்தது, எனவே சிலாஸ்டாட்டின் என்ற காவலாளோடு சேர்த்து 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காவல் தேவைப்படாத மெரோபெனம் அங்கே 1996-இல் வந்தது. பழைய கத்தரிகள் இந்த வளையத்தைக் கவ்வினால் அறுக்க முடியாமல் வாயடைத்துப் போகும். அதுதான் இதன் பலம்.

அந்தப் பலத்தை நாம் நம்பித் தொங்க வேண்டிய நிலை சீக்கிரமே வந்தது. செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின்களை அறுக்கும் கத்தரிகள் உலகம் முழுக்கப் பெருகின. அவற்றில் மிக அதிகமாகப் பரவிய சி.டி.எக்ஸ்-எம்-15 முதலில் அடையாளம் காணப்பட்டது 1999-இல் டெல்லியில் எடுத்த மாதிரியில். செஃபலோஸ்போரின் கேட்காத ஊரில் டாக்டர் என்ன செய்வார்? அடுத்த படியில் இருந்த கார்பபெனத்தை எடுத்தார். கடைசிக்கென்று வைத்திருந்தது முதலாவதானது.

இனி கிருமியின் பதில்கள். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் ஆகிய கிருமிகளுக்கு மதிலுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. மருந்து அதிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் உள்ளே வரும். துளையை அடைத்துவிட்டால் மருந்து வாசலிலேயே நின்றுவிடும். சூடோமோனாஸ், ஓப்ரிடி என்ற துளைப்புரதத்தை இழந்தால் போதும், இமிபெனம் பலிக்காது. உள்ளே வந்ததை வெளியே இறைக்கும் பம்புகளும் உண்டு, மெரோபெனத்தை அப்படித் தள்ளும். ஆனால் இந்த இரண்டும் பெரும்பாலும் அந்தக் கிருமியோடும் அதன் வாரிசுகளோடும் நிற்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற சொத்து அல்ல. என்னைத் தூங்கவிடாதது மூன்றாவது வழி, கார்பபெனத்தையே அறுக்கும் புதுக் கத்தரி. கே.பி.சி அமெரிக்காவில், ஆக்சா-48 துருக்கியில், என்.டி.எம் நம் நாட்டோடு தொடர்புடைய நோயாளியிடம் என்று இருபது வருட இடைவெளிக்குள் வரிசையாகத் தெரியவந்தன.

என்.டி.எம் வேலை செய்யும் விதம் தனி. மற்றக் கத்தரிகள் பல, மருந்தைத் தம் உடம்போடு ஒட்டிக்கொண்டுதான் வெட்டும். இது தன் மடியில் இரண்டு துத்தநாக அணுக்களை வைத்திருக்கிறது. அவை ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துக் கூர் தீட்டி, பீட்டா-லாக்டம் வளையத்தின் மேல் ஏவிவிடும். தண்ணீர் பட்டு வளையம் திறந்துகொள்ளும். கத்தரி மழுங்காமல் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடும். பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனம் என்று பாகுபாடு கிடையாது.

இந்த மரபணுவின் தலைப்பகுதி அமிக்காசின் வகை மருந்துகளுக்கு எதிரான வேறொரு மரபணுவிலிருந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டு அசினெட்டோபாக்டருக்குள் நடந்திருக்க வேண்டும் என்று அதன் எழுத்து வரிசையைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து அது பிளாஸ்மிட்டுகளில் ஏறியது. பிளாஸ்மிட் என்பது கிருமியின் முதன்மை டி.என்.ஏ-வுக்கு வெளியே தனியாகச் சுற்றும் சிறு வளையம். ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு குழாய் போட்டு ஒட்டிக்கொண்டு அதன் பிரதியைக் கொடுக்கும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே சாதியாக இருக்க வேண்டியதில்லை. கிளெப்சியெல்லா ஈ.கோலைக்குக் கொடுக்கும், ஈ.கோலை வேறொன்றுக்கு. கிருமி பெருகுவதற்கு நாள் கணக்கு வேண்டாம், இதற்கும் வேண்டாம்.

2008-இல் சுவீடனில், அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை பெற்றிருந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிளெப்சியெல்லாவில் இது கண்டுபிடிக்கப்பட்டு ‘நியூ டெல்லி’ என்ற பெயரைப் பெற்றது. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் என்.டி.எம்-1 இருந்த கிருமிகளாகச் சென்னையிலிருந்து 44, ஹரியாணாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களிலிருந்து 73 பதிவாயின. நாடு அந்தப் பெயரைப் பற்றித்தான் கோபப்பட்டது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். எங்களைப் போலத் தட்டு பார்ப்பவர்களுக்கு அந்த 44 என்ற எண்தான் உறைத்தது. இரண்டு வருடத்தில், 2012-இல், மருத்துவர்களின் சங்கங்கள் இதே ஊரில் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ எழுதின. அதை ஒருங்கிணைத்தவர் டாக்டர் அப்துல் கஃபூர். அந்த வேகம் முழுவதும் நிலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி அத்தையிடம் வருகிறேன்.

என்.டி.எம் செஃபலோஸ்போரினையும் அறுக்கும் என்று சொன்னேன் அல்லவா. அப்படியானால் அந்தக் கத்தரி இருக்கும் கிருமிக்குச் சாதகம் செய்ய மெரோபெனம் ஊசியே தேவையில்லை. செஃபிக்சிம் மாத்திரை போதும். குடலில் கோடிக்கணக்கான ஈ.கோலை இருக்கிறது. அதில் எங்கோ ஒரு மூலையில் இந்தப் பிளாஸ்மிட்டோடு சில ஆயிரம் ஒண்டிக்கொண்டிருக்கும். ஐந்து நாள் செஃபிக்சிம் மற்றவற்றைத் துடைத்துவிட்டு, மூலையில் இருந்ததற்கு வீட்டையே காலி செய்து கொடுக்கும். அதே பிளாஸ்மிட்டில் அமிக்காசினுக்கும், கோ-டிரைமாக்சசோலுக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும். சரத்தில் ஒரு பூவைப் பிடித்து இழுத்தால் சரமே வருகிற மாதிரி, அந்த மருந்துகளில் எதைக் கொடுத்தாலும் முழுச் சரமும் தங்கிவிடும். ஆகவே “நான் ஒண்ணும் பெரிய ஊசியெல்லாம் போடலையே” என்று யாராவது சொன்னால் அது பொய்யல்ல. பாதிக் கதை.

ஃபாரோபெனம் என்று ஒரு மாத்திரை இருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கார்பபெனத்தின் நெருங்கிய சொந்தக்காரர், வாயால் விழுங்கக்கூடியது, நம் நாட்டு மருந்துக்கடைகளில் தாராளமாகக் கிடைப்பது. கடைசிக் கதவின் சாவியைத் தெருவில் விற்பதாகத்தான் இதை நான் பார்க்கிறேன். 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த, மருந்து விற்பனைக்கான ஹெச்-1 அட்டவணையில் இதுவும், மெரோபெனமும், செஃபிக்சிமும் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யார் எழுதினார், யார் வாங்கினார் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அத்தைக்கு இரண்டு தடவை செஃபிக்சிம் கொடுத்த கடையில் சீட்டு கேட்கவில்லை. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓ.பி வரிசையில் நிற்க முடியாதவர்கள் வாழும் தெரு அது.

அந்தச் சில ஆயிரம் கிருமிகள் அத்தையின் குடலுக்குள் முதலில் எப்படிப் போயின? இதைத்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். மாத்திரையைப் பேசுகிறோம், சாக்கடையைப் பேசுவதில்லை. 2010-இல் டெல்லியில் தெருத்தண்ணீரை எடுத்துச் சோதித்தவர்கள், தேங்கி நின்ற 171 மாதிரிகளில் 51-லும், குடிநீர்க் குழாய் மாதிரிகள் 50-இல் 2-லும் என்.டி.எம்-1 மரபணுவைக் கண்டார்கள். பிளாஸ்மிட் கைமாறுவது 30 டிகிரி வெப்பத்தில் மிக நன்றாக நடந்ததையும் அதே ஆய்வு காட்டியது. சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அதுதானே வெயில்.

வட சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டேரி நல்லாவும் வியாசர்பாடி கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் மழைநீரை மட்டும் சுமந்து போகும் காலம் போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நின்று குடிநீர்க் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். அடிபம்பில் சாக்கடை வாடை வந்தால் முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றிவிட்டு மூன்றாவதைப் பிடிக்கிற பழக்கம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் உண்டு. வாடை போனால் கிருமி போய்விடாது. குடலில் இருப்பது சாக்கடைக்குப் போகிறது, சாக்கடையில் பத்து இனங்கள் கலந்து பிளாஸ்மிட் கைமாறுகிறது, கசிந்த குழாய் வழியாக, கை வழியாக மறுபடி குடலுக்கு வருகிறது. இந்தச் சுற்றில் மாத்திரை ஒரு கண்ணிதான். கொடுங்கையூரில் 2019-இல் தொடங்கிய ஆலை, கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துச் சவ்வு வழியாக வடிகட்டி, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்குத் தரும் திறன் கொண்டது. நல்ல வேலை. ஆனால் அது குழாய் வழியாக ஆலைக்கு வந்து சேரும் கழிவுநீருக்கு. கால்வாயில் நேராக விழுவதற்கு அல்ல.

மருத்துவமனைக்கு உள்ளேயும் ஒரு சாக்கடை உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஐசியு-வில் ஒரே மாதத்தில் நான்கு பேருக்கு ஒரே மாதிரிக் கிளெப்சியெல்லா வந்தது. நர்சுகளின் கையைச் சோதித்தோம், வென்டிலேட்டர் குழாயைச் சோதித்தோம். கடைசியில் கட்டிலுக்கு ஓரடி தள்ளியிருந்த கைகழுவும் தொட்டியின் வடிகாலுக்குள் குச்சியை விட்டு எடுத்தேன். மறுநாள் கிருமி வளர்க்கும் மெக்கான்கி தட்டில் இளஞ்சிவப்பாய், சளி போலக் கொழகொழவென்று அதே கிருமி. மிச்சமான குளுக்கோஸ், மூக்குக் குழாய்ப் பால், சிறுநீர்ப் பை எல்லாம் அந்தத் தொட்டியில்தான் கொட்டப்பட்டன. வளைந்த குழாயின் அடியில் வழவழப்பாய்ப் படலம் கட்டி, கிருமி ராஜபோகமாக வாழ்ந்தது. குழாயைத் திறந்து தண்ணீர் வேகமாக விழும்போதெல்லாம் திவலையாகத் தெறித்துக் கட்டிலுக்கு வந்தது. கை சுத்தத்துக்கென்று வைத்த தொட்டி அது. சொன்னபோது நிர்வாகம் தொட்டியை மாற்ற மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று மாதத்தை நான் மன்னிக்கவில்லை.

நாட்டு அளவில் எவ்வளவு மோசம் என்று கேட்டால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) வருடா வருடம் வெளியிடும் அறிக்கை இருக்கிறது. அதன் மருத்துவமனை வலையமைப்பில் 2016-இல் ஈ.கோலையில் 86 சதவீதத்துக்கு இமிபெனம் கேட்டது. 2021-இல் 64. கிளெப்சியெல்லாவில் 65-லிருந்து 43-க்கு விழுந்தது. அசினெட்டோபாக்டரில் 2021-இல் எட்டில் ஒன்றுக்குத்தான் கார்பபெனம் கேட்டது. இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்துசேரும் கடுமையான நோயாளிகளின் கணக்கு, தெருவில் நடப்பவர் எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் நாளைக்கு நம் வீட்டில் ஒருவர் வென்டிலேட்டரில் படுத்தால் அந்தக் கணக்குக்குள்தான் போய் விழுவார்.

எந்தக் கத்தரி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? மரபணுவையே பார்க்கும் இயந்திரம் இருக்கிறது, விலை அதிகம். நான் விரும்புவது எளிய சோதனை. இரண்டு மில்லி ஊட்டக் கரைசலில் நோயாளியின் கிருமியைக் கலக்கி, பொட்டு அளவு மெரோபெனம் வட்டு ஒன்றை அதற்குள் போட்டு, 35 டிகிரியில் நான்கு மணி நேரம் வைப்பேன். கிருமியிடம் கத்தரி இருந்தால் இதற்குள் வட்டிலுள்ள மருந்தை அறுத்துத் தள்ளியிருக்கும். வட்டை எடுத்து, எந்த எதிர்ப்பும் இல்லாத அப்பாவி ஈ.கோலை பூசிய தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். மருந்து பிழைத்திருந்தால் வட்டைச் சுற்றிப் பத்தொன்பது மில்லிமீட்டருக்குக் குறையாமல் தெளிந்த வளையம். மருந்து செத்திருந்தால் அப்பாவிக் கிருமி வட்டின் விளிம்பை ஒட்டி வெண்மையாய் வளர்ந்திருக்கும். இன்னொரு குழாயில் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ-வும் சேர்த்திருப்பேன். அங்கே மட்டும் வளையம் ஐந்து மில்லிமீட்டராவது பெரிதானால், இது துத்தநாகக் கத்தரி. நம் ஊரில் அநேகமாக என்.டி.எம்.

இந்த வேறுபாடு உயிர் காக்கும். கே.பி.சி-யை அடக்கும் அவிபாக்டம் என்ற துணைமருந்து என்.டி.எம்-மைத் தொடக்கூட முடியாது. ஆனால் அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தின் வளையத்தை என்.டி.எம்-மால் அறுக்க முடியாது. கூடவே இருக்கும் மற்றக் கத்தரிகள்தான் அதை அறுக்கின்றன. அவற்றை அவிபாக்டம் கட்டிப்போடும், அஸ்ட்ரியோனம் உள்ளே போய்க் கொல்லும். இரண்டையும் சேர்த்த மருந்துக்கு 2024-இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. நம் டாக்டர்கள் அதற்கு முன்பே செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தோடு அஸ்ட்ரியோனத்தைச் சேர்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செலவு, ஒரு சாதாரணக் குடும்பம் நகையை அடகு வைக்கும் அளவு. அது கட்டுப்படியாகாதபோது கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் பழைய மருந்து. கோழி, கால்நடை வளர்ப்பில் அதைக் கொடுப்பதை 2019-இல்தான் நம் அரசு தடை செய்தது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபிமோடு சேர்ந்து 2024-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது என்.டி.எம்-மை வெல்லாது. செஃபலோஸ்போரின் கத்தரிகளை அடக்கும். அதனால் கார்பபெனத்தை எடுக்க வேண்டிய தேவை குறையும். எனக்கு அது பெரிய விஷயம்.

அத்தையின் ரிப்போர்ட்டில் ஃபாஸ்ஃபோமைசினுக்கு எதிரே ஓர் ‘எஸ்’ இருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்தார், பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார், கடுப்பு நின்றது. சிறுநீரில் தொற்று போனது, குடலில் கிருமி தங்கிவிட்டது. மாதக்கணக்கில் இருக்கும், தொந்தரவு கொடுக்காது. அதை ஒழிக்க மறுபடி மாத்திரை கொடுப்பது தவறு.

தை மாதம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். சேரும்போது தம்பி பழைய ரிப்போர்ட்டைக் காட்டினான், நான்தான் சொல்லியிருந்தேன். மலக்குடலில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். அத்தையை மூலைக் கட்டிலுக்கு மாற்றி, நர்சு கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு வந்தார். நான் பார்க்கப் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“இன்னா கண்ணு, நான் தீட்டா?”

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். எதிர்க் கட்டிலில் வயிறு கிழித்துத் தையல் போட்ட ஒரு பெண் படுத்திருந்தார், இரண்டு பக்கமும் குழாய். உன் குடலில் சும்மா கிடக்கிறது அந்தப் பொண்ணு வயித்துக்குப் போனா தாங்காது அத்தை, நர்சு கை வழியாத்தான் போகும், அதுக்குத்தான் அந்த உறை என்றேன். அத்தை அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, கட்டில் காலருகே இருந்த பாட்டிலிலிருந்து மருந்தைக் கையில் தேய்த்துக்கொண்டேன். “விரலுக்கு நடுவுல தேய்க்கல நீ,” என்றார்.